இந்த முறை வீட்டுக்கும் ஒரு புத்தகம் கொடுங்கள்

மலேசியக் கல்வி அமைச்சின் பொறுப்பாளர்களுக்கும், 2027 கலைத்திட்டத்தை உருவாக்கிக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கிள்ளானில் இருக்கிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மகன் 2027ல் முதலாம் ஆண்டுக்குப் போகிறான். அந்த ஆண்டு தொடங்கும் உங்கள் புதிய கலைத்திட்டத்தின் முதல் வகுப்பில் உட்காரப் போகும் பிள்ளைகளில் அவனும் ஒருவன். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. ஏனென்றால் நானும் அப்படி ஒரு முதல் வகுப்பில் உட்கார்ந்தவள்.

2003 ஜனவரி. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டம் தொடங்கிய மாதம். அந்த மாதம்தான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னை முதலாம் ஆண்டில் சேர்த்தார்கள். என் அண்ணன் அதே பள்ளியில் நான்காம் ஆண்டு. ஆரம்பப்பள்ளியில் திட்டம் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்கியது என்பதால் அவனுக்கு ஆறாம் ஆண்டு வரைக்கும் கணக்குத் தமிழில், எனக்கு ஆங்கிலத்தில். ஒரே வீடு, ஒரே மேசை. அந்தப் பக்கம் பெருக்கல், இந்தப் பக்கம் மல்டிப்ளிகேஷன்.

அம்மா தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பட்டணத்துக்குப் போக வேண்டும், மலாயில் படிக்க வேண்டும்; அதோடு நின்றுவிட்டது. பால்மரம் சீவினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கப் போனார். வேலை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டே அண்ணனை வாய்ப்பாடு சொல்ல வைப்பார். "மூவேழ்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அவன் தடுமாறினால், "தப்பு, முதல்ல இருந்து சொல்லு" என்று அடுத்த குரல். கரண்டியைக் கீழே வைக்கவே மாட்டார். அந்தப் பாடத்துக்கு அவர் புத்தகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

என் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அடுப்படி அமைதியாகிவிடும். ஒரு நாள் "டேக் அவே" என்றால் என்ன என்று கேட்டேன். அப்பாவைக் கேட்கச் சொன்னார். அப்பா அண்ணனைக் கேட்கச் சொன்னார். அண்ணனுக்கும் தெரியவில்லை. அது கழித்தல். அம்மாவுக்கா கழித்தல் தெரியாது? சம்பள நாளில் கடைக்காரர் பாக்கிக் கணக்கில் பத்துக் காசு பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். ஆனால் அன்றிலிருந்து என் படிப்பு விஷயத்தில் அம்மா ஒதுங்கிக்கொண்டார். "எனக்கென்னடா தெரியும், டீச்சரக் கேளு" என்பதே பதிலாகிவிட்டது. ஆறு வயது முடிந்த எனக்கு அப்போது ஒன்றுதான் புரிந்தது: அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த அம்மாவுக்கு எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை.

2009 ஜூலையில் அந்தத் திட்டத்தை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். நான் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் இருந்தேன். திட்டம் நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு நாடே விவாதித்தது. ஆங்கிலம் வளர்ந்ததா, மதிப்பெண் குறைந்ததா, கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்களா என்றெல்லாம் பேச்சு. அவையெல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் மரம் சீவும் ஒரு பெண் தன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை அந்தத் திட்டம் நிறுத்திவிட்டது என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை. அதை அளக்கத் தேர்வு எதுவும் இல்லை.

இப்போது என் முறை.

தமிழ்ப்பள்ளிகளில் கணக்குத் தமிழுக்குத் திரும்பிவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மகளின் புத்தகத்தைத் திறந்தால் எண் தோரணி, கிட்டிய மதிப்பு, பொருண்மை, தசமம் என்று இருக்கிறது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், கதை படிப்பேன், இந்த மடலையும் எழுதுகிறேன். ஆனால் கணக்கு என் தலைக்குள் ஆங்கிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. "நம்பர் பேட்டர்ன்" என்றால் புரியும். எண் தோரணி என்றதும் ஒரு நிமிடம் விழித்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நான் என் அம்மாவைப் பார்த்த அதே பார்வை.

என் கணவரின் கதை வேறு. அவர் தேசியப் பள்ளியில் படித்தவர். 1996 கல்விச் சட்டப்படி, பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த வழி உண்டு. அவர் படித்த பள்ளியில் அந்தப் பதினைந்து சேர்ந்ததும் இல்லை, சேர்ந்திருந்தாலும் ஆசிரியர் கிடைத்திருப்பாரா என்பதும் கேள்வி. அதனால் அவர் தமிழ் பேசுவார், தமிழில்தான் கோபப்படுவார், தமிழில்தான் பிள்ளைகளைத் தூங்க வைப்பார். ஆனால் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. மகள் கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மடியில் ஏறினால், படத்தைப் பார்த்து அவராக ஒரு கதை சொல்வார். அழகாகத்தான் சொல்வார். போன வருடம்வரை அது போதுமாக இருந்தது. இப்போது அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டது. "அப்பா, இங்க அப்படிப் போடலையே" என்கிறாள்.

அரசாங்கக் கணக்கில் என் கணவர் எழுத்தறிவு உள்ளவர். மலாயும் ஆங்கிலமும் சரளமாக எழுதுவார். அந்த ஒரு புத்தகத்தின் முன்னால் மட்டும் அவர் எழுத்தறியாதவர். நம்முடையது போலப் பல மொழி புழங்கும் நாட்டில் எழுத்தறிவு என்பதை ஆள்வாரியாக எண்ணினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வீட்டுவாரியாகப் பாருங்கள். பாட்டிக்குத் தெரிந்த எழுத்து அப்பாவுக்குத் தெரியாது, அம்மா படித்த மொழியில் பிள்ளை படிக்கவில்லை. ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு கலைத்திட்டத்தில் படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தமிழர் கதை மட்டும்கூட இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தன் மகனைச் சீனப்பள்ளிக்கு அனுப்புகிறார். இன்று சீனப்பள்ளி மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நெருக்கமானவர்கள் சீனர் அல்லாத பிள்ளைகள். அந்த வீடுகளில் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் எப்படிப் பார்ப்பார்கள்? அந்த அக்கா டியூஷனுக்குக் காசு கட்டுகிறார். காசு இல்லாதவர் என்ன செய்வார்? பேராக்கிலும் பகாங்கிலும் செமாய் மொழி பேசும் ஓராங் அஸ்லி பழங்குடியினரின் வீடுகளில், பிள்ளை ஏழு வயதில் பள்ளிக்குப் போய் மலாயில் எழுத்தைத் தொடங்கும்போது, அந்த அம்மாவும் என் அம்மாவைப் போல அடுப்படியில் அமைதியாகிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

"எல்லாரையும் ஒரே மொழிப் பள்ளிக்கு அனுப்பினால் இந்தச் சிக்கலே வராதே" என்று சிலர் சொல்வார்கள். என் கணவர் அந்த வழியில் வந்தவர்தான். அவருக்கு வேலை கிடைத்தது, நண்பர்கள் கிடைத்தார்கள், மலாய் மொழி மேல் உண்மையான பிரியம் இருக்கிறது. அவர் இழந்தது, தன் அம்மா எழுதி வைத்துவிட்டுப் போன கடிதங்களை வாசிக்கும் வழி. நான்தான் அவருக்கு அவற்றை வாசித்துக் காட்டினேன். இதற்கு மேல் இந்த வாதத்துக்கு நான் பதில் சொல்ல விரும்பவில்லை.

அடுத்து, தேர்வு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021ல் எடுத்துவிட்டீர்கள். நான் அதை வரவேற்றவள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் படத்தைப் பதாகையில் போட்டு '7ஏ' என்று பள்ளி வேலியில் கட்டியதையும், பதாகையில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அந்த வேலியைத் தாண்டி நடந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எழுத்தே தெரியாத பாட்டிக்குக்கூட ஏ, பி, சி என்றால் என்னவென்று தெரியும். அந்த மூன்று எழுத்து வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு மோசமான பாலமாகத்தான் இருந்தது, ஆனாலும் பாலம். அதை எடுத்துவிட்டு வகுப்பறை மதிப்பீட்டைக் கொடுத்தீர்கள். அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். மகளின் முதல் அறிக்கை வந்த அன்று மூன்று பேர் சேர்ந்து படித்தோம். 'நாலு' என்றிருந்தது. நல்லதா, இல்லையா? ஆறுக்கு நாலு என்றால் அறுபத்தாறு மார்க்கா என்று கணவர் கேட்டார். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. விளக்கத்தில் இருந்த சொற்கள் ஆசிரியர் இன்னோர் ஆசிரியருக்கு எழுதியவை. அவள் எதைச் சரியாகச் செய்கிறாள், எதில் தடுமாறுகிறாள், இந்த மாதம் வீட்டில் நாங்கள் என்ன செய்தால் உதவும் என்று ஒரு வரி அதில் இல்லை. அந்தத் தாளை எழுதிய ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் படிவம் அப்படித்தான் வந்திருக்கிறது.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இது எல்லாருக்கும் வெளிச்சமானது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதும் வகுப்பறை வீட்டுக்குள் வந்தது. என் நாத்தனார் மகன் அப்போது மூன்றாம் ஆண்டு. வாட்ஸ்அப்பில் பாடம் வரும், அவள் கைப்பேசியைத் தூக்கி என்னைக் கூப்பிடுவாள்: "அண்ணி, இது என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க." தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்தவள். கண் திறக்க முடியாத களைப்பில், தன் மகனுக்கு வந்த தமிழை வாசிக்க முடியாமல் அழுதாள். அவளுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் சேர்ந்து படிப்பது எங்களுக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டிய பழக்கம் இல்லை. என் தாத்தா இருந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழ் நேசன் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான் வருமாம். சாயங்காலம் ஒருவர் வாசிப்பார், பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்பார்களாம். என் அம்மா எழுத்துக் கூட்டப் பழகியதே அந்தக் கூட்டத்தில், தாத்தாவின் தோளுக்குப் பின்னால் நின்று. 1924ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019ல் நின்றுவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் போயின, நாங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டோம். 1957ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. பள்ளிகள் குறைந்ததை எல்லாரும் எண்ணுகிறோம். ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்ட திண்ணைகள் எத்தனை போயின என்று எண்ணியவர் இல்லை.

உங்களிடம் கேட்க வந்தது இதுதான். 2027ல் புதிய புத்தகங்கள் அச்சாகும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும், தலைமையாசிரியர்களுக்கு விளக்கக் கூட்டம் நடக்கும். எங்களுக்கு என்ன வரும்? எங்கள் அனுபவத்தில், ஒரு சுற்றறிக்கையும் கையெழுத்துப் போட ஒரு படிவமும் வரும். 2016ல் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்திலும் படிக்கலாம் என்று டி.எல்.பி. என்னும் இருமொழித் திட்டம் வந்தபோதும், அதில் சேரப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தீர்கள். நல்ல விதி. ஆனால் பிள்ளை எந்த மொழியில் கணக்குப் படிக்கும் என்று முடிவெடுக்கச் சொல்லும்போது, அதனால் வீட்டில் யார் உதவ முடியும், யார் ஒதுங்க வேண்டிவரும் என்பதை எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டாமா? 2013 முதல் 2025 வரைக்குமான கல்விப் பெருந்திட்டத்தில் ஒன்பதாவது மாற்றமே பெற்றோரோடும் சமூகத்தோடும் கைகோப்பதுதான். அதை நீங்கள்தான் எழுதினீர்கள். கைகோக்க நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம், ஆனால் எங்கள் கையில் புத்தகம் இல்லை.

புத்தகம் என்று நான் சொல்வது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வோர் ஆண்டுப் பாடநூலோடும் வீட்டுக்கென ஒரு மெல்லிய கையேடு போதும். பாடத்தில் வரும் சொற்கள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். 'கிட்டிய மதிப்பு' என்ற சொல்லுக்கு எதிரே நான் படித்த சொல் இருந்திருந்தால், அன்று மகள் முன் விழித்திருக்க மாட்டேன். சீனப்பள்ளிக்குச் சீனமும் மலாயும், ஓராங் அஸ்லி பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குச் செமாயும் மலாயும் என்று அந்தந்த வீட்டுக்கு ஏற்றபடி போடலாம். வாசிக்கவே தெரியாதவர்களுக்காக அதையே ஒலிப்பதிவாகவும் கொடுங்கள். வேலைக்குப் போகும் பேருந்தில் கேட்டுக்கொண்டு போவார்கள். எங்கள் பெண்கள் வானொலி கேட்டு வளர்ந்தவர்கள், காதால் கற்க அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், பெற்றோருக்கு வகுப்பு. இதை நடத்த முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓராங் அஸ்லி, பூர்வகுடிப் பெற்றோருக்காகக் கெடாப் என்ற பெயரில் பள்ளியிலேயே வகுப்பு நடத்தியது உங்கள் அமைச்சு. பிள்ளை படிக்கும் இடத்திலேயே பெற்றோரும் உட்கார்ந்து எழுத்துப் பழகலாம் என்ற அந்த யோசனை அருமையானது. அது ஏன் அவர்களோடு நின்றது? தமிழ் வாசிக்கத் தெரியாத தமிழ்த் தகப்பன்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். என் கணவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒருபோதும் கேட்க மாட்டார். ஆனால் மகள் படிக்கும் வகுப்பறையில், அவளுடைய நாற்காலியில், மற்ற அப்பாக்களோடு சேர்ந்து என்றால் வருவார். நான் கேட்டுப் பார்த்தேன், "வருவேன்" என்றார்.

முதலாம் ஆண்டுப் பதிவின்போது எங்கள் சம்பளம் வரைக்கும் விவரம் கேட்கிறீர்கள். கூடவே ஒரு கேள்வி சேருங்கள்: வீட்டில் இந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கப் போவது யார், அவருக்கு எந்த எழுத்து வாசிக்க வரும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கையில் இருந்தால், வகுப்பாசிரியர் அறிக்கையை யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுவார். பதிலில் 'பாட்டி' என்று வந்தால் பாட்டியைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

பாட்டி என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் மகளுக்குத் தசமம் வந்தது. சொல்லத் தெரியாமல் நான் கைப்பேசியில் காணொளி தேடிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "இதுவா? பால் நிறுக்கிற கணக்கு" என்றார். மரம் சீவிய காலத்தில் தினமும் மத்தியானம் பால் வாளியை நிறுவையில் தூக்கி வைத்து, தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதும் எண்ணை எட்டிப் பார்த்தே பழகியவர். பதினெட்டுப் புள்ளி நாலு என்று எழுதுகிறாரா, பதினெட்டு என்று மட்டும் எழுதுகிறாரா என்பதில் அவருடைய கூலி இருந்தது. "புள்ளிக்கு அப்புறம் இருக்கிறத விட்டுடாத, அதுவும் நம்ம பாலுதான்" என்று பேத்தியிடம் சொன்னார். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். இருபத்து மூன்று வருடத்துக்கு முன் என் புத்தகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்ட அதே அம்மா, இப்போது தினமும் சாயங்காலம் மேசைக்கு வருகிறார். பாடம் அவருக்குத் தெரிந்த மொழிக்குத் திரும்பியதால் மட்டும்.

2027க்குப் பிறகு அவரை மறுபடி அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இந்த மடலை மலாயிலும் எழுதி அமைச்சுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதுவது, உங்கள் அலுவலகத்திலேயே தமிழ் வாசிக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள் என்பதால். என் அம்மாவும் இதை வாசிக்க வேண்டும் என்பதாலும்.

பெற்றோர் வகுப்பு தொடங்குவதாக இருந்தால் சனிக்கிழமை காலை எங்களுக்குத் தோதாக இருக்கும். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அம்மா
கிள்ளான்